ஒன்பதாம் நாள் ஒட்டிய தாள்

கரகரவென்று ஓர் இரைச்சல் மூன்று தெருவுக்கு அப்பாலிருந்து கிளம்பி, சந்து சந்தாகத் திரும்பி வந்து, தலைக்கு மேலிருந்த தகரக் கூரையில் உட்கார்ந்தது. தவசி கண்ணைத் திறக்கவில்லை. கண்ணின் மேல் ஈரத்துண்டு கிடந்தது. இரவெல்லாம் ஊர்ச் சுவர்களில் போஸ்டர் ஒட்டிவிட்டுப் பகலில் உறங்குகிறவனுக்கு அந்தத் துண்டுதான் ராத்திரி. ஆட்டோவில் கட்டிய குழாய் என்று காது சொன்னது. ஆட்டோ திரும்பும்போது குரல் தேயும், நேரே வரும்போது மண்டைக்குள் நுழையும். மாபெரும், என்றது. நினைவேந்தல், என்றது. லாரி ஒன்று குறுக்கே போய் மிச்சத்தை வாரிக்கொண்டு போனது. அப்புறம் பக்கத்தில் நின்று கூப்பிடுவது போலத் தெளிவாக, ‘மாவீரன் ராசாங்கம் அவர்களின் முப்பதாம் ஆண்டு.’ ராசாங்கம் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன். வருசத்தில் ஒரு நாள் மாவீரன், மிச்ச நாளெல்லாம் வெறுமனே செத்தவன். அது பழகிவிட்டது. அடுத்து வந்த பெயர்தான் பழகவில்லை. ‘அன்னாரின் திருவுருவப் படத்துக்கு மாலை அணிவித்துச் சிறப்புரை ஆற்ற வருகிறார், அண்மையில் நம்மோடு தம்மை இணைத்துக்கொண்ட செயல்வீரர், அண்ணன் வில்வநாதன் அவர்கள்!’ குரல் அதை இரண்டு தரம் சொன்னது, இரண்டாம் தரம் இன்னும் குழைவாக. ராசாங்கத்தை வெட்டியவன் வில்வநாதன்தான்.

அண்ணனாம். யாருக்கு அண்ணன்? துண்டுக்குள்ளேயே அவன் கண் திறந்துகொண்டது. நூலிழை நூலிழையாக வெளிச்சம். மணி பன்னிரண்டு இருக்கும், கூரைத் தகரம் சடசடவென்று விரிகிற நேரம். நாளைக் காலையில் மேடையில் அந்த ஆள் மாலையோடு நிற்பான். அந்த மாலையை எடுத்து அவன் கையில் கொடுக்க மதினி வர வேண்டும் என்று விசிறிக்கட்சியின் வட்டச் செயலாளர் செம்பியன் முந்தாநாள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறான். மதினி, ராசாங்கத்தின் பெண்சாதி பஞ்சவர்ணம், ‘தம்பியக் கேட்டுத்தாம்ப்பா சொல்லணும்’ என்றாள். தம்பி என்றால் தவசி. இன்றைக்கு நாலு மணிக்குச் செம்பியன் பதில் வாங்க வருவான். வரட்டும். வந்தால் நெஞ்சில் ஒரு மிதி. என்ன மிதி? ஐம்பத்திரண்டு வயசில், ஏணி ஏறி ஏறித் தேய்ந்த முழங்காலை வைத்துக்கொண்டு என்ன பெரிய மிதி. வேண்டாம், ஒரே வார்த்தை, மதினி வராது, போடா. அவ்வளவுதானே. அதைச் சொல்ல என்ன கேடு. ஆனால் அந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் பாதியில் ஓர் எலும்பு குறுக்கே விழுகிறது. நீ யாருடா சொல்ல? வேறு எவன் சொன்னாலும் சரி, நீ சொல்லலாமா? புரண்டு படுத்தான். கட்டில் முனகியது. கட்டிலுக்கு அடியில் சணல் கட்டிய கட்டு ஒன்று கிடக்கிறது, முந்நூறு தாள், நேற்று அச்சகத்தில் கொடுத்தது, ஒட்டாமல் கொண்டுவந்து அடியில் தள்ளிவிட்டான். தொழிலுக்கு வந்து முப்பத்தைந்து வருசத்தில் ஒட்டாமல் கொண்டுவந்த முதல் கட்டு. மை வாசனை இன்னும் போகவில்லை. பாயைத் துளைத்துக்கொண்டு முதுகில் ஏறுகிறது.

அச்சகத்தில் கட்டை வாங்கியதும் மேல் தாளைப் பிரித்துப் படிப்பது அவன் வழக்கம். தலைகீழாகக் கொடுத்தாலும் படிப்பான். பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில்லை, சுவரில் படித்தான், ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரம். படித்தான். வில்வநாதன் தலையிலிருந்து செருப்பு வரை முழு ஆளாக, கும்பிட்டபடி, வெள்ளை வேட்டியில் நிற்கிறான். இரண்டு தாள் சேர்த்து ஒட்டினால் ஆள் உயரம் வருவான். மேல் மூலையில், தலைவர்களின் வரிசைக்கும் கீழே, தீப்பெட்டி அளவில் அண்ணன். மதினி சட்டம் போட்டு வைத்திருக்கிற ஒரே படம். அதில் அண்ணனுக்கு இருபத்தொன்பது வயசு. அவனுக்குக் கீழே, ‘உன் கனவை முடிப்போம்.’ கனவையா? ஆளைத்தான் முடித்தார்களே. இதை எழுதினவன் எவன்? எழுதும்போது சிரித்திருப்பானா? சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிரிக்காமல் எழுதியிருப்பான், டீ குடித்துக்கொண்டே, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு. அச்சகத்துக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘தவசி, எனக்கு வந்த மேட்டரை நான் அடிக்கிறேன், ஒனக்கு வந்த தாளை நீ ஒட்டுற, நம்ம ரெண்டு பேருக்கும் கட்சி ஏது?’ என்றார். நியாயம்தான். அவனே நூறு தரம் சொன்ன நியாயம். விசிறிக்கும் ஒட்டினான், குடத்துக்கும் ஒட்டினான், மூல வைத்தியருக்கும் கருமாதிக்கும் காதுகுத்துக்கும் ஒட்டினான். பசைக்குக் கட்சி கிடையாது, மைதாவும் மயில்துத்தமும்தான். துத்தம் போடாவிட்டால் மாடு வந்து எல்லாக் கட்சியையும் ஒன்றுபோல் தின்னும். மாட்டுக்கு இருக்கிற சூடு சொரணை தனக்கு இல்லை என்று இன்றைக்கு விடிகாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது நினைத்தான். மாடாவது துத்தத்தை மோந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பும்.

வேண்டாம், அங்கே போகாதே என்று மனசைப் பிடித்து இழுத்தான். வேறு நினைப்பான். தண்ணீர் பிடிக்கிற நாள் இன்றைக்கா நாளைக்கா. தேனியில் கட்டிக்கொடுத்த அண்ணன் மகள் முந்தாநாள் போன் பண்ணினாள், அவள் மகளுக்கு நர்சிங் படிக்க ஆசை. செம்பியன் அதையும் மோப்பம் பிடித்திருக்கிறான். ‘வில்வண்ணன் காலேஜ்லயே பேத்திக்கு ஒரு சீட்டும்மா, நான் ஆச்சு’ என்று மதினியிடம் சொல்லியிருக்கிறான். தாத்தனை வெட்டின கை பேத்திக்குச் சீட்டுத் தரும், வாங்கிக்கொண்டு ஊசி போடப் பழக வேண்டும். பழகலாம். எல்லாம் பழகுகிறது இந்த ஊரில். பாலம் கட்டினால் பாலம் பழகுகிறது, ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் அதுவும் பழகுகிறது. வில்வநாதன் கவுன்சிலர் ஆனது பழகியது, கோயில் கும்பாபிஷேகத்தில் பரிவட்டம் கட்டிக்கொண்டு நின்றது பழகியது. அந்தக் கும்பாபிஷேகப் போஸ்டரை ஒட்டியது யார்? தவசிதான். எட்டு வருசத்துக்கு முன்னால், கோயில் காரியம் என்று சொல்லிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் தாளைத் திருப்பிப் பசை தடவி, திருப்பாமலே ஒட்டிவிட முடியுமா என்று பார்த்தான். முடியாது. ஒட்டுகிறவன் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும், கண்ணும் கண்ணும் சேருகிற இடத்தில்தான் தாளும் தாளும் சேரும், ஒரு நூல் விலகினாலும் ஆள் மாறுகண்ணாகிவிடுவான். அவன் விலக்கவில்லை. நேராக ஒட்டினான். அந்த நேர்த்தியை நினைத்தால் இப்போது வாயில் புளிப்பு வருகிறது. ஒருவனைப் பழிவாங்க வக்கில்லை, அவன் மூக்கைக் கோணலாக ஒட்டக்கூட வக்கில்லை.

ஏன் இல்லை? அங்கேதான் வந்து முட்டும் என்று அவனுக்குத் தெரியும். எந்தச் சந்தில் நுழைந்தாலும் கடைசியில் அந்த மூடிக்கிடந்த அரிசி ஆலையின் நீளச் சுவர். அதில் நீலம் கரைத்து எழுதியிருந்தது, ‘விசிறி, 2000 வரை.’ அப்படி எழுதிவிட்டால் அது அந்தக் கட்சியின் சுவர், மற்றவன் தொடக் கூடாது. தொட்டால் முதலில் சட்டை கிழியும். ஆனால் சாவுக்கு அந்தச் சட்டம் இல்லை. கண்ணீர் அஞ்சலி என்றால் எந்தக் கட்சிக்காரன் எந்தக் கட்சிச் சுவரிலும் ஒட்டலாம், பதினாறு நாள் வரை அதை எவனும் மறைக்கக் கூடாது. காகிதத்தில் இல்லாத சட்டம், போலீசுக்குத் தெரியாத சட்டம், ஒட்டுகிறவர்கள் மட்டும் மீறாத சட்டம். குடக்கட்சியில் பெரிய கை சிவனாண்டி செத்து அந்தச் சுவரில் அஞ்சலி ஏறியிருந்தது. வில்வநாதனின் அப்பா, அப்போது வில்வநாதனும் குடக்கட்சிதான். தவசிக்கு அப்போது இருபத்திரண்டு வயசு, எழுத்துத் தெரியாது. எழுத்துத் தெரியாதவனுக்கு அடையாளம் இருந்தது, சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டிருந்தால் சாவு, மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறவன். கிழவன் வீட்டுக்காரர்கள் பெருமைக்காகக் கறுப்பை விட்டுவிட்டுக் கட்சிக் கலரில் கோடு போட்டிருந்தார்கள். தலைப்பாகையோடு கிழவன் சிரித்துக்கொண்டிருந்தான், பிறந்தநாள் போல. குடத்துக்காரன் நம்ம சுவரில் ஏறிவிட்டானே என்று ஒரு விடியற்காலையில் தவசி ஒரு வாளிப் பசையை அடித்து, விசிறியின் பொதுக்கூட்டத் தாளை அவன் சிரிப்பின் மேல் ஒட்டினான். துடைப்பத்தால் அழுத்தித் தேய்த்துக் குமிழ் எடுத்தான். கிழவன் செத்த ஒன்பதாம் நாள்.

வெயில் ஏறினதும் டீக்கடைக்குப் பத்துப் பேரோடு வில்வநாதன் வந்தான். மொட்டைத் தலை, கொள்ளி வைத்தபோது எடுத்தது, அதில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. ‘எங்கப்பன் மூஞ்சியில பசையைத் தடவுனவன் எவன்டா?’ தவசி கையில் கிளாஸ் இருந்தது. சூடு. கைவிரல் வெந்துகொண்டிருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை. கிளாஸ் மேல் இருந்த நினைப்பு வாயின் மேல் இல்லை. வாயைத் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது, கொஞ்சம்தான், ஒரு மூச்சு, அந்த ஒரு மூச்சுக்குள் பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்துவிட்டான். ‘நான்தான்ப்பா ஒட்டுனேன். தெரியாம நடந்துபோச்சு. இப்பவே என் கையால கிழிச்சிட்டு வீட்டுல வந்து மன்னிப்புக் கேக்குறேன்.’ ராசாங்கம் போஸ்டர் ஒட்டுகிறவனே இல்லை, விசிறிக்கட்சியில் வார்டுத் தேர்தலுக்கு நிற்கப்போகிற ஆள், ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் நம்பினார்கள். வில்வநாதன் சிரித்தான். ‘கிழிக்கிறதா? கிழிப்போம்’ என்றான். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் இவனைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போய், ‘ஒரு வார்த்தை யார்ட்டயும் பேசப்படாது. மதினிகிட்டயும்தான். நீ கலியாணம் ஆகாத பய, கட்சியும் இல்ல, ஒன்னைய வெட்டிப் போட்டா நாய்கூடக் கேக்காது. என்னையத் தொட யோசிப்பாய்ங்க’ என்றான். மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு, பஜாரில், சலூன் நாற்காலியில் வைத்து, யோசிக்காமல் தொட்டார்கள். ஐந்து பேர். தவசி ஓடிப் போய்ப் பார்த்தபோது அண்ணனுக்குப் பாதி முகம் சவரம் ஆகியிருந்தது. மிச்சப் பாதியில் நுரை இருந்தது. நுரை காயாமல் இருந்தது.

நுரை. அதற்கப்புறம் அவன் சலூனுக்குப் போனதில்லை. போகாமல் வளர்ந்த தாடியைப் பார்த்து, மதினிக்காகச் சாமியார் ஆகிவிட்டான் என்று தெருவில் ஒரு கூட்டம் பேசியது, சாமியார் எங்கே ஆனான், வீட்டோடுதானே இருக்கிறான் என்று இன்னொரு கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். அவன் அந்த வீட்டு முன்னறையில் கட்டில் போட்டான், உள்ளறைக் கதவு தாண்டிப் போனதில்லை. அண்ணன் மகளைப் படிக்கவைத்தான், தன்னையும் படிக்கவைத்துக்கொண்டான். முதலில் கற்றுக்கொண்ட சொல் கண்ணீர். சுவரில் விரலை வைத்து, க, ண், ணீ, ர். இந்த நாலு எழுத்து தெரிந்திருந்தால் போதும், ஓர் ஆள் உயிரோடு இருந்திருப்பான். வில்வநாதன் மேல் கோபம் பொங்கிக்கொண்டு வரும், வந்து இந்த நாலு எழுத்தில் இடித்துத் திரும்பித் தன் மேலேயே கொட்டும். முப்பது வருசமாக இதே. கேஸ் நடந்தபோதும் இதே. சலூன்காரர் கூண்டில் ஏறி, ‘நான் தண்ணி பிடிக்கப் போயிருந்தேங்கய்யா’ என்றார். டீக்கடைக்காரர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றார். பார்த்த பதினோரு பேரும் பிறழ்சாட்சி ஆனார்கள். விசிறிக்கட்சி வக்கீல் மூன்று வாய்தாவுக்கு வரவில்லை. ஐவரும் வெளியே வந்த அன்றைக்குப் பட்டாசு வெடித்தார்கள், குடத்துக்காரர்கள் மட்டும்தானா வெடித்தது, அது இப்போது யோசித்தால் சந்தேகமாக இருக்கிறது. அன்றைக்கு யோசிக்கவில்லை. நீ ஒட்டினாய், அதனால் வெட்டினான், உனக்கு என்ன பேச்சு. மேடையில், ‘சிந்திய குருதி வீண்போகாது’ என்று மைக் அதிரும்போதும் கூட்டத்தின் கடைசியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, என்னைத்தான் சொல்கிறார்களோ என்று நிற்பான். எந்தக் குருதி எப்போது வீண்போகாமல் இருந்தது? இந்த மாநிலத்தில் இதைப் போல எத்தனை வட்டம், எத்தனை சந்து, எத்தனை மாவீரன். எல்லாவற்றுக்கும் யாராவது ஒருத்தன் பசை காய்ச்சியிருக்கிறான்.

வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது. ‘அம்மா, இருக்கீகளா?’ செம்பியன். நாலு மணி என்றவன் இரண்டரைக்கே வந்துவிட்டான். தவசி துண்டை எடுக்காமல் கிடந்தான். ‘வாப்பா’ என்று மதினி சொன்னாள். அவள் கதவோரம் தரையில் உட்கார்ந்து ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள் போல, பருப்பு கிண்ணத்தில் விழுகிற சத்தம் டப்பு டப்பென்று வந்துகொண்டிருந்தது. ‘என்னம்மா பிதுக்கம்பருப்பா? நாளைக்கு மேடையை விட்டு எறங்குனதும் இங்கதான் சாப்பாடு எனக்கு’ என்றான் செம்பியன். ‘ஒனக்கென்னப்பா, ஊரெல்லாம் சாப்பாடு’ என்றாள் மதினி. அவன் சிரித்தான். முப்பத்து நாலு வயசுப் பையன், கெட்டவன் இல்லை, பிள்ளையாரைத் தூக்குவதற்கும் பிணத்தைத் தூக்குவதற்கும் முதல் ஆளாக நிற்பான். ‘அம்மா, மாவட்டம் கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க பேச வேணாம், ஒண்ணும் வேணாம், தட்டுல இருக்குற மாலைய எடுத்து வில்வண்ணன் கையில குடுத்தாப் போதும். போட்டோக்காரன் இருப்பான், ரெண்டே நிமிசம். பழசையெல்லாம் மறந்து ரெண்டு குடும்பமும் ஒண்ணாயிருச்சுன்னு ஊருக்குத் தெரியணுமாம்.’ மாவட்டச் செயலாளரைக் கட்சிக்காரர்கள் மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். மாவட்டம் தும்மினார், மாவட்டம் சாப்பிட்டார். மொச்சைச் சத்தம் நின்றது. ‘தம்பி தூங்குது’ என்றாள் மதினி. கொஞ்சம் பொறுத்து, ‘பேத்தி சீட்டு நெசந்தானா?’ என்றாள்.

அந்தக் கேள்வி தவசியைத் தூக்கிவிட்டது. எப்படி எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது, துண்டு கீழே விழுந்தது, வெளிச்சம் முகத்தில் அடித்தது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மதினி போவாள். தான் ஒன்றும் சொல்லாவிட்டால் பேத்திக்காகப் போய் அவன் கையில் மாலையைக் கொடுப்பாள், அந்தப் படம் ஊர்ச் சுவரெல்லாம் ஏறும், அதையும் தன் கைதான் நேராக ஒட்டும். ‘போகக் கூடாது மதினி’ என்றான். ‘என்னண்ணே நீங்க’ என்று செம்பியன் தொடங்கினான். ‘நீ சும்மா இருடா. மதினி, நீங்க அவன் கையில மாலை குடுக்கக் கூடாது. குடுக்காதீகன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. அது தெரியும். அன்னைக்கு அந்தக் கிழவன் மூஞ்சியில ஒட்டுனது அண்ணன் இல்ல. நான். எனக்குப் படிக்கத் தெரியாது, கறுப்புக் கோடு இல்ல, பொறந்தநாள்னு நெனச்சு ஒட்டிட்டேன். அண்ணன் எனக்காக ஏத்துக்கிட்டாரு.’ முப்பது வருசம் வாய்க்குள் கிடந்தது இவ்வளவு சின்ன விசயமா, நாலு வரிகூட வரவில்லையே.

மதினி நிமிர்ந்து பார்த்தாள். செம்பியன்தான் பேசினான், ஆறுதலாக, இரக்கத்தோடு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. ‘அட, என்னண்ணே, இதுக்கா இம்புட்டு நாளா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு அலையுறீக? ஒரு போஸ்டருக்கா ஆளை வெட்டுவாய்ங்க? அண்ணன் அந்த வருசம் வார்டுல நின்னா அள்ளிக்கிட்டுப் போயிருப்பாருல்ல. அந்த வார்டு அப்ப இருந்த நம்ம மாவட்டத்தோட மச்சினனுக்கு வேணும். ரெண்டு பக்கத்துப் பெரியவுகளும் உக்காந்து முன்னாடியே பேசி முடிச்சதுதான்ண்ணே. போஸ்டர் இல்லைன்னா கோயில் கொடையில ஒரு சண்டை, இல்லைன்னா ஒரு குழாயடித் தகராறு. என்னமோ ஒண்ணு. இது எல்லாருக்கும்...’ அங்கே நின்றான். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவன் முகத்தில் மெதுவாக ஏறியது. ‘எல்லாருக்கும் தெரியும்னு சொல்ல வந்த’ என்றாள் மதினி. ‘இல்லம்மா, பசங்க தண்ணியப் போட்டுட்டுப் பேசுறதுதான், நான் அப்ப நாலு வயசுப் பய, எனக்கு என்ன தெரியும்.’ ‘ஒனக்கே தெரிஞ்சிருக்கே.’

தவசிக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது. இத்தனை வருசமாக இடித்துத் திரும்புகிற அந்தச் சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. கோபம் தடுப்பில்லாமல் நேரே போயிற்று, வில்வநாதனைத் தாண்டி, மேடையைத் தாண்டி, குருதி குருதி என்று கத்திய அத்தனை வாய்களுக்கும், மூன்று வாய்தாவுக்கு வராத வக்கீலுக்கும், கருமாதிக்கு வந்து மதினி தலையில் கை வைத்து அழுத அந்தப் பழைய மாவட்டத்துக்கும். அந்த ஆள் இப்போது இல்லை, படுக்கையில் கிடந்து, பேரன் பேத்தி பார்த்து, நல்ல சாவாகச் செத்தான். அவனுக்கும் நான்தான் ஒட்டினேன், பெரிய தாள், கறுப்புக் கோடு போட்டது. பதினாறு நாள் எவனும் மறைக்கவில்லை. செம்பியனின் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டால் என்ன என்று கை துறுதுறுத்தது. ஆனால் இவனை அடித்து என்ன, இவன் எழுதிக்கொடுத்ததைப் படிக்கிற குழாய். ‘தம்பி’ என்றாள் மதினி, செம்பியனைப் பார்த்து. ‘நாளைக்கு மேடையில மைக்கப் பிடிச்சு இப்ப சொன்னியே, அதைச் சொல்லு. மொதல்ல நீ சொல்லு, அப்புறம் நான் வந்து எவன் கையில வேணும்னாலும் மாலை குடுக்குறேன்.’ செம்பியன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. ‘வெளையாடாதீகம்மா.’ ‘நான் எதுக்குப்பா வெளையாடப் போறேன்.’ ‘பேத்தி சீட்டு...’ ‘அவ எங்கயாச்சும் படிப்பா. நீ கெளம்பு.’

அவன் செருப்பை மாட்டினான். வாசல்படியில் நின்று, கட்சிக்காரன் குரலுக்குத் திரும்பி, ‘அண்ணே, பஜார்ல ஒரு போஸ்டரைக்கூடக் காணோம், தாள் எங்க?’ என்றான். ‘கட்டிலுக்கு அடியில கெடக்கு, எடுத்துட்டுப் போ’ என்றான் தவசி. செம்பியன் உள்ளே வந்து குனிந்து கட்டை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போனான். வேறு ஆளை வைத்து ஒட்டுவான். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க ஏறிவிடும். நாளைக்கு வில்வநாதன் மாலை போடத்தான் போகிறான், மதினி இல்லாவிட்டால் வேறு யாராவது ஒரு பொம்பளை தட்டைப் பிடிப்பாள், படம் எடுப்பார்கள். ஒன்றும் நிற்காது. அது தெரிந்தும் நெஞ்சு சூடாகவே இருந்தது, அந்தச் சூடு வெட்கமில்லாமல் இருந்தது, முதல் தடவையாக.

‘எந்திரிச்சு வந்து சொல்லிட்ட’ என்றாள் மதினி. அவள் அவனைப் பார்க்கவில்லை, ஈரமான கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஆமா மதினி.’ ‘அந்த மூணு நாளு நான் அவரோட பேசல, தெரியுமா ஒனக்கு?’ தெரியாது. அவனுக்குத் தெரியாது. ‘செத்தவுக மூஞ்சியில பசையத் தடவுற கை எம்பிள்ளையத் தொட வேணாம்னு சொன்னேன். எதுத்து ஒரு வார்த்தை பேசல அவரு. நான் ஒட்டலடின்னு சொல்லல. மூணாம் நாள் காலையில சோத்தப் போட்டு வச்சுட்டுத் திரும்பி நின்னுக்கிட்டேன். சாப்பிடாமத்தான் சேவிங் பண்ணப் போனாரு.’ வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். தவசி வாயைத் திறந்தான். ‘மதினிகிட்டக்கூடச் சொல்லக் கூடாதுன்னு அண்ணன்தான்...’ ‘சரி. அவரு இருக்கயில சொல்லல. செத்ததுக்கப்புறம் யாரக் கேட்டுச் சொல்லணும்னு இருந்த? முப்பது வருசம் நான் மனசுக்குள்ள அவரத் திட்டிக்கிட்டே தெவசம் குடுத்தேன்யா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தியன்னா திட்டாமக் குடுத்திருப்பேன்.’ வில்வநாதனும் இல்லை, மாவட்டமும் இல்லை இதில். இது அவர்கள் செய்தது இல்லை. பேசி முடித்தவர்கள் பேசாத ஒன்று, அவன் ஒருத்தன் மட்டும் செய்தது, கையில் பசை இல்லாமலே.

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சட்டியைக் கிட்டத்தில் இழுத்தாள். ஒரு மொச்சையை எடுத்து விரலால் அழுத்தினாள். தோல் கையில் நின்றது, பருப்பு கிண்ணத்தில் விழுந்தது. அடுத்ததை எடுத்தாள்.